பாட்டு யாருடையது, பதிவு யாருடையது?

(மாட்டுப்பட்டியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய பண்பாட்டு அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலைச்சரிவில் பறிக்கப்படும் கொழுந்துக்கு மூன்று கணக்குகள் உண்டு. பறித்தவருக்குக் கூலியாக எழுதப்படுவது முதல் கணக்கு. தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தித் தேயிலைத்தூளாக்கி ஏலத்துக்கு அனுப்பும்போது கிடைப்பது இரண்டாம் கணக்கு. பெயரும் படமும் அச்சிட்ட பொட்டலமாகக் கடையில் விற்கும்போது வருவது மூன்றாம் கணக்கு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். பொட்டலத்தின் மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பறித்த கையின் பெயர் இராது. இங்கே அமர்ந்திருப்போருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பாட்டுக்கும் இதே போன்ற கணக்குகள் உண்டு என்பதைச் சொல்லவே இந்த உரை. கூலி உயர்வு, பணிக்கொடை, குடியிருக்க ஒரு சொந்த வீடு என்று எத்தனையோ கோரிக்கைகள் நிலுவையில் இருக்கும்போது பாட்டைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பாடுவதும் உழைப்பு. அந்த உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதும் சுரண்டலைப் பற்றிய கேள்வியே. தோட்டத்து மக்களின் பாட்டே சந்தைச் சரக்காக மாறிவரும் இக்காலத்தில் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட இயலாது. இதற்கு இரண்டு பாட்டுகளைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. மற்றொன்று தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பாட்டு.

பருத்திக்காட்டிலிருந்து வந்த இசை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியும் கரும்பும் புகையிலையும் விளைந்த பெருந்தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலமோ பழைய உடைமையாளர்களிடமே தங்கிவிட்டது. நிலமற்ற மக்கள் குத்தகையிலும் கடனிலும் கட்டுண்டு, அதே காடுகளில் உழைத்தனர். அவர்களது வேலைப்பாட்டிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் ‘புளூஸ்’ என்னும் துயர இசை பிறந்தது. பின்னர் அவர்கள் வடக்கேயும் மேற்கேயும் உள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அந்த இசை மின்கித்தாரும் முரசும் சேர்ந்து வேகம் கொண்டது.

இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த மக்களிடம் விற்பதற்காக வெளியிட்ட தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ என்று தனியே வகைப்படுத்தின. ‘பில்போர்டு’ என்னும் இசை வணிக இதழ் 1949இல் அந்தப் பட்டியலின் பெயரை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என மாற்றியது. பெயர் மாறியது, பட்டியல் தனியாகவே தொடர்ந்தது. கறுப்பினத்தவர் பாடிய பாட்டு எவ்வளவு விற்றாலும் அது தனி வரிசை. குடியிருப்பிலும் பேருந்திலும் பள்ளியிலும் இருந்த தீண்டாமை, பாட்டின் விற்பனைப் பட்டியலிலும் இருந்தது.

அந்த வரிசையில் 1953இல் ஏழு வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு ‘ஹவுண்ட் டாக்’, அதாவது ‘வேட்டை நாய்’. பாடியவர் வில்லி மே தார்ன்டன். ‘பிக் மாமா’ என்று மக்கள் அழைத்தனர். அலபாமா மாநிலத்தில் 1926இல் பிறந்தவர். தந்தை ஒரு தேவாலயப் போதகர். தாய் அங்கே பாடியவர். தாயை இழந்தபின், பதினான்கு வயதில் ஓர் ஊர்சுற்றும் கலைக்குழுவோடு புறப்பட்டுச் சென்றார். இசைப்பள்ளியில் பயின்றவர் அல்லர். பார்த்தும் கேட்டும் பாடவும் வாத்தியங்கள் வாசிக்கவும் கற்றுக்கொண்டார்.

1952 ஆகஸ்டு 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அந்தப் பாட்டு பதிவாயிற்று. எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் இரண்டு யூத இளைஞர்கள். இருவருக்கும் வயது பத்தொன்பது. பாட்டின் பொருள் எளியது. தன் உழைப்பில் உட்கார்ந்து தின்னும் சோம்பேறி ஆணொருவனை, உழைக்கும் பெண் வாசலுக்கு வெளியே தள்ளுகிறாள். எழுத்து அந்த இளைஞர்களுடையது. அதற்குக் குரலும் உறுமலும் நையாண்டியும் தந்து, கேட்போர் தம் வீட்டுச் செய்தியாக உணரும்படி செய்தவர் தார்ன்டன். எழுதியவர்களும் அவரை மனத்தில் வைத்தே எழுதினர்.

ஒரே பாட்டு, இருவேறு கணக்கு

தட்டு பெருமளவில் விற்றது. அதற்காகத் தமக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலருக்கான ஒரே ஒரு காசோலைதான், அதன்பின் எதுவும் வரவில்லை என்று தார்ன்டன் பிற்காலத்தில் கூறினார். எழுதிய இளைஞர்களின் கதையும் முழு இன்பக்கதை அன்று. தமக்கு முன்பணமாகத் தரப்பட்ட காசோலை வங்கியில் செல்லாமல் போயிற்று என்று அவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

அதே 1953இல் வேறொரு நிறுவனம் அந்த மெட்டைத் தழுவி, ஆண் பதில் சொல்வதுபோல் ‘பேர் கேட்’ என்ற தட்டை வெளியிட்டது. பாட்டின் உரிமையை வைத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்து வென்றனர். தீர்ப்பு காத்தது உரிமையாளரின் உடைமையை. அந்த மெட்டு எந்தக் குரலால் நாடறிந்ததோ அந்தக் குரலுக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1956 ஜூலை 2 அன்று, நியூயார்க்கில் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பதிவு செய்தார். முப்பது தடவைக்கு மேல் பாடிப் பார்த்த பிறகே பதிவு முடிந்தது. அவரும் உழைத்தவரே என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பாடிய சொற்கள் தார்ன்டன் பாடியவை அல்ல. லாஸ் வேகாஸ் கேளிக்கை அரங்கில் ஒரு வெள்ளையர் இசைக்குழு மாற்றிப் பாடிய வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதில் உழைக்கும் பெண் இல்லை. உட்கார்ந்து தின்னும் ஆணும் இல்லை. பாட்டு உண்மையாகவே ஒரு நாயைப் பற்றியதாகிவிட்டது. கோபம் வேடிக்கையாகிவிட்டது. அந்தத் தட்டு, மறுபக்கத்துப் பாட்டோடு சேர்ந்து, பதினொரு வாரம் நாட்டின் முதலிடத்தில் நின்றது. இம்முறை தனி வரிசையில் அன்று; பொது வரிசையில்.

பாட்டு சரக்காக மாறும்போது முதலில் பணம் பறிபோகிறது என்றே நாம் எண்ணுகிறோம். பணத்துக்கு முன்னரே பொருள் பறிபோகிறது. யார், யாரை நோக்கி, எதற்காகப் பாடினார் என்பது துடைக்கப்பட்ட பின்னரே பாட்டு தடையின்றி எல்லாச் சந்தையிலும் விற்கிறது.

தார்ன்டனுக்கு இது மறுமுறையும் நேர்ந்தது. ‘பால் அண்ட் செயின்’ என்ற பாட்டை அவரே எழுதிப் பாடினார். பதிவு செய்த நிறுவனம் அதை வெளியிடாமலே உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1968இல் ஜானிஸ் ஜாப்ளின் பாடிய பதிவு புகழ் பெற்றது. ஜாப்ளின் பாட்டின் தாயை மறைக்கவில்லை. தார்ன்டனின் பெயரைச் சொல்லியே பாடினார். ஆயினும் உரிமைத்தொகை நிறுவனத்திடம் இருந்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில், நோயால் உடல் மெலிந்த நிலையில், ஐம்பத்தேழு வயதில் தார்ன்டன் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் 2024இல்தான் சேர்க்கப்பட்டது. இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிறமும் வர்க்கமும்

இந்த வரலாற்றை வெள்ளையன் திருடினான், கறுப்பினத்தவர் இழந்தனர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. உண்மை அதைவிடச் சிக்கலானது. தார்ன்டனின் தட்டை வெளியிட்ட ‘பீக்காக்’ நிறுவனத்தின் உரிமையாளர் டான் ரோபி ஒரு கறுப்பின முதலாளி. தன் இனத்துப் பெண்ணின் குரலிலிருந்து இலாபம் எடுத்தவர் தன் இனத்து உரிமையாளரே. இதைப் பார்க்க மறுத்தால் வர்க்கத்தைப் பார்க்க மறுத்ததாகும்.

மறுபுறம், எல்லாம் வர்க்கமே என்று சொல்லி நிறத்தை ஒதுக்கிவிடவும் இயலாது. அதே பாட்டு தார்ன்டன் குரலில் தனி வரிசையிலும் பிரெஸ்லி குரலில் பொது வரிசையிலும் வைக்கப்பட்டது ஏன்? தொலைக்காட்சியின் வாசல் ஒருவருக்குத் திறந்ததும் மற்றவருக்கு மூடியிருந்ததும் ஏன்? இதற்கு விடை நிறவெறிதான். உரிமையாளர் யார் என்பதை வர்க்கம் தீர்மானித்தது. எந்த முகம் மேடையேறும் என்பதை நிறம் தீர்மானித்தது. இரண்டு தராசுகளும் சேர்ந்தே அந்தப் பெண்ணின் உழைப்பை எடைபோட்டன. இந்தியாவில் அந்த இரண்டாம் தராசின் பெயர் சாதி.

தேயிலைக்காட்டிலிருந்து வந்த பாட்டு

2021 மார்ச் 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் தமிழ்ப் பாட்டு இணையத்தில் வெளியாயிற்று. எழுதியவர் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், இசையமைத்துத் தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜ்ஜா என்னும் தனியிசை நிறுவனம். திரைப்படத்தின் துணையின்றி ஒரு தமிழ்ப் பாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. லயங்களில் குழந்தைகள் பாடினர்; நகரத்து விருந்துகளிலும் ஒலித்தது.

‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம். பண்ணையில் உழைத்தவர் நிலவுடைமையாளரைக் கைகட்டி நின்று ‘சாமி’ என்று அழைக்க நேர்ந்தது. அதே சொல்லால்தான் பாட்டி தன் பேரனைக் கொஞ்சுகிறாள். அடிமைத்தனத்தின் சொல்லும் அன்பின் சொல்லும் ஒன்றாயிருப்பது நம் கிராமத்தின் வரலாறு. அந்த வரலாற்றைத்தான் பாட்டு தொடுகிறது. நிலத்தில் பாடுபட்டவர் அந்த நிலத்தைத் தமதென்று சொல்ல முடியாமற்போனதும், நிலம் எல்லா உயிர்க்கும் பொதுவானது என்னும் எண்ணமும் ஒப்பாரியின் சாயலில் அதில் வருகின்றன.

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்த கலைஞர். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் மேடைகளில் வளர்ந்தவர். பாட்டின் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை என்பதை அவர் பலமுறை கூறியுள்ளார். அந்த மூதாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். பாட்டின் ஒளிப்படத்திலும் அவர் தோன்றுகிறார்.

அந்தத் தலைமுறையின் கதை மாட்டுப்பட்டிக்கு அந்நியமானதன்று. கங்காணி வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து கண்டிச் சீமைக்குப் போயினர். ஒரு பகுதியினர் மலையேறிக் கண்ணன் தேவன் மலைகளுக்கு வந்தனர். இலங்கை சென்றோரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் வகை செய்தது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஏலத் தேயிலையைப் பங்கிடுவதுபோல் இரண்டு அரசுகள் மனிதரைப் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு தலைமுறையின் நினைவுதான் பாட்டாகி உலகைச் சுற்றிவந்தது.

மறைந்த முகம், காணாத கணக்கு

பாட்டு வெற்றி பெற்றபின் நடந்தவற்றைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்நேக் அதை மறுகலவை செய்து வெளியிட்டார். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் ஈழத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். அறிவின் முகம் அதில் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உள்ளிட்டோர் இதைக் கண்டித்தனர். மறைக்கப்படுவது யார் என்னும் கேள்வி சாதியின் பெயர் சொல்லியே எழுந்தது. கண்டனத்துக்குப் பிறகு அதே இதழ் அறிவுக்கு இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது.

2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும், நாட்டுப்புறப் பாடகர் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினர். அறிவு அங்கே இல்லை. அப்போது வெளிநாட்டில் இருந்தார். சில நாள்களில் அவர் பொதுவெளியில் ஓர் அறிக்கை எழுதினார். மெட்டும் சொல்லும் தம்முடையவை, பிறர் தந்தவை அல்ல என்பது அதன் சாரம். சந்தோஷ் நாராயணன் இசையமைப்பும் கோவையும் தம்முடையவை என்றும், பாட்டின் உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றும் பதிலளித்தார்.

தமிழ்நாட்டில் அந்த நாள்களில் எங்கும் இதே வாக்குவாதம். யார் பக்கம் நியாயம் என்று மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். இரண்டாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், பாட்டின் மூன்றாம் ஆண்டு நிறைவின்போது சந்தோஷ் நாராயணன் ஒரு செய்தியை வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தமக்கும் அறிவுக்கும் தீக்கும் அதுவரை ஒரு பைசா வருவாயும் வந்து சேரவில்லை என்றார். இது அவர் தரப்புக் கூற்று. கணக்கைத் தீர்ப்பது இந்த மேடையின் வேலை அன்று. ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் வரவு செலவைப் பாட்டை உண்டாக்கிய மூவரும் கையில் வைத்துப் பார்க்க இயலவில்லை என்றால், அதை இந்த மலைத் தொழிலாளர் உடனே அடையாளம் காண்பர். கொழுந்தின் எடையைக் குறிப்பவர் ஒருவர். குறிப்பேட்டை வைத்திருப்பவர் வேறொருவர். பறித்தவர் சொல்லக்கேட்டு நம்ப வேண்டியவர்.

கலைஞர்களுக்குள் எழுந்த முரண்பாடு பொய்யானதன்று. யாருடைய முகம் மேடையேறுகிறது என்னும் கேள்வியில் சாதி இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. ஒடுக்கப்பட்ட மக்களின் நினைவைக் கொண்டாடிக்கொண்டே, அதைச் சொன்னவரை ஓரமாக நிறுத்துவது நமக்குப் பழகிப்போன வழக்கம். அதே நேரத்தில் கணக்கேடு யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வியில் மூலதனம் இருக்கிறது. முதல் கேள்வியில் சூடேறி இரண்டாவதை மறந்தால் இலாபம் உரிமையாளருக்கே. இரண்டாவதை மட்டும் பேசி முதலாவதை மூடினால் அது தொழிலாளி வர்க்க ஒற்றுமை ஆகாது. மௌனத்தின் ஒற்றுமையாகத்தான் இருக்கும்.

சட்டம் சொல்வது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுக்குரியது. பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகளை அது பார்க்கிறது. சொற்கள் எழுதியவருக்கு, இசை அமைத்தவருக்கு, ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்கு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று வேறொன்று உண்டு. நெடுங்காலம் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்வதே வழக்கமாயிருந்தது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஒரு முன்னேற்றம். நாடாளுமன்ற மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோரின் போராட்டம் அதற்குப் பின்னணி. அதன்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் வணிகப் பயன்பாட்டுக்கான உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சட்டப்படியான வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றித் தரலாம். பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு. பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவர் நாற்று நடும்போதும், கொழுந்து எடுக்கும்போதும், தாலாட்டும்போதும், இழவு வீட்டிலும் பாடிய பெயரறியாத பெண். அவர் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்கிறது சட்டம். ஆகவே அது எவரும் எடுக்கத்தக்க பொதுச்சொத்து. அதே பாட்டை ஒரு நிறுவனம் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு மட்டும் உரிமையாளர் உண்டு. அறுபதாண்டுப் பாதுகாப்பும் உண்டு. பாட்டு எல்லாருக்கும் சொந்தம், பதிவு ஒருவருக்குச் சொந்தம். காடும் புல்வெளியும் பொதுவாயிருந்து, குத்தகைப் பத்திரம் எழுதிய பின் தோட்டமாகிப்போன இந்த மலைகளில் வாழ்வோருக்கு இந்த வழிமுறை புதிதன்று.

பெயர் எழுதும் மரபு

இதற்கு மாறான ஒரு மரபு இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு. தோழர் ஜீவா 1961இல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியபோது நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிப்பதைக் கடமையாக முன்வைத்தார். பேராசிரியர் நா.வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. அந்த நூலைத் திறந்து பார்க்கும் எவரும் பாட்டுகளின் அடியில் ஒரு சிறு குறிப்பைக் காண்பர். சேகரித்தவர் பெயர், சேகரித்த இடம், பல இடங்களில் பாட்டைச் சொல்லி உதவியவர் பெயர். உழவரும் தொழிலாளரும் ஆசிரியரும் இளைஞருமான பலர் ஊர் ஊராக எழுதி அனுப்பியவை அவை. தொகுப்பாசிரியரின் பெயருக்குள் அவர்களை அவர் கரைத்துவிடவில்லை.

இலங்கை மலையகத்தில் இதே பணியைச் செய்தவர் சி.வி.வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி அவர். மறு ஆண்டே அவருடைய வாக்காளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. வாக்குச்சீட்டில் இடம் இழந்த மக்களுக்குப் பாட்டில் ஓர் இடம் வைத்தார். தோட்டம் தோட்டமாகக் கேட்டு அவர்களது பாடல்களைத் தொகுத்தார்.

மரபைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றுவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் சாலையில் அமர்ந்ததை இங்குள்ளோர் கண்ணால் கண்டனர். பலர் அதில் அமர்ந்தவர்களே. பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனசை இருபது விழுக்காடாக உயர்த்தக் கோரி, ஒன்பது நாள் போராடி, வென்றனர். அந்தப் போராட்டத்தில் ஒலித்த முழக்கங்களை எந்தத் தலைமையகமும் எழுதித் தரவில்லை. கொழுந்து எடுக்கும் வரிசையில் பேசிப் பழகிய தமிழில் அந்தப் பெண்களே கட்டியவை அவை. அவற்றின் கூர்மை நிர்வாகத்தை மட்டும் நோக்கவில்லை. இடதுசாரிச் சங்கங்கள் உள்ளிட்ட எல்லாத் தொழிற்சங்கத் தலைமைகளையும் நோக்கியது. கேட்க வேண்டிய நேரத்தில் அந்தக் குரலைக் கேட்கவில்லை என்பதை இயக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தித் தொலைக்காட்சிகள் அந்த முழக்கங்களைப் பதிவு செய்து ஒளிபரப்பின. கட்டியவர் பெயரோடு அவற்றைத் தொகுத்து வைக்கும் வேலை நம்முடையதாக இருந்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆகவே, தோழர்களே, இந்த அரங்கிலிருந்து எழுந்து செல்லும்போது சில எளிய பணிகளை ஏற்றுச் செல்லலாம்.

முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் பாடத் தெரிந்த மூத்த பெண்கள் இருக்கின்றனர். அவர்களது பாட்டை அவர்களது இசைவோடு பதிவு செய்ய வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்பவற்றைப் பதிவிலேயே சொல்லி வைக்க வேண்டும். 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு எழுபது உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களோடு எத்தனை பாட்டுகள் மண்ணுக்குள் போயின என்பதை இனி எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. இந்தப் பணிக்குக் காலம் காத்திராது.

இரண்டாவது, நம் மேடையில் பாடும் கலைஞருக்கு ஊதியம் தர வேண்டும். இயக்கத்துக்காகத்தானே என்று சொல்லி மாலையும் தேநீரும் கொடுத்து அனுப்புவது, உழைப்புக்கு விலை கேட்கும் இயக்கத்துக்குப் பொருந்தாது. துண்டறிக்கையில் தலைவர்களின் பெயர் வரும் அளவிலேயே பாடகரின் பெயரும் பறை இசைப்பவரின் பெயரும் வர வேண்டும். நம் இதழில் ஒரு பாட்டு அச்சாகும்போதும் இதே நெறி.

மூன்றாவது, தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் சொல்லிசை பாடிப் பதிவேற்றுகின்றனர். நாளை எவரேனும் ஒப்பந்தத் தாளோடு அவர்களைத் தேடி வரக்கூடும். அந்தத் தாளைப் படித்துச் சொல்ல, காலம், நிலப்பரப்பு, உரிமைத்தொகை, கணக்கைப் பார்வையிடும் உரிமை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, சங்க அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கூலி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கக் கற்ற இயக்கத்துக்கு இது அரிய வேலையன்று.

வில்லி மே தார்ன்டனுக்கு அப்படி ஒருவர் துணையாக இருந்திருந்தால் ஐந்நூறு டாலரோடு அவரது கணக்கு முடிந்திராது. இந்த மலைகளில் முன்பு கொழுந்தின் எடையைக் கேள்வி கேட்கவே அஞ்சினர். சங்கம் வந்த பிறகே தராசின் முள்ளைப் பார்க்கும் துணிவு வந்தது. பாட்டின் தராசுக்கும் முள் உண்டு. அதையும் குனிந்து பார்க்கத் தொடங்குவோம். முதல் வேலையாக, இன்று இந்த அரங்கில் பாடியவர்களின் பெயர்களைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுவோம்.